யானையின் பிற்பாதி

ஜெலுத்தோங் பாலாய் ராயாவில்
சனிக்கிழமை இரவு எட்டு மணியிலிருந்து
நான் ஒரு யானையின் பிற்பாதி.

முற்பாதி குணாளன்.
நாலு மாதமாய் நாங்கள் பேசுவதில்லை,
அவன் எனக்கு விற்ற மோட்டார்
பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில்
கடலைப் பார்த்து நின்றுவிட்ட நாளிலிருந்து.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

குழுவில் பதினோரு பேர்.
குனிந்து நடக்க இடுப்பு வளைபவர் இரண்டே பேர்.
ரெங்கநாயகி டீச்சர் விரலை நீட்டினார்:
"முன்னால நீ. பின்னால நீ. அவ்வளவுதான்."

யானை என்பது
யாரோ விற்றுவிட்ட புரோட்டோனின் சாம்பல் உறை,
இரண்டு முறம்,
சலவை இயந்திரத்தின் குழாய் ஒன்று,
அப்புறம் இருட்டு.
இருட்டுக்குள் கோடாலித் தைல வாசம்,
அவன் வலது முழங்காலிலிருந்து.
பகலெல்லாம் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
அகலக் கண்ணாடி வழியே உலகைப் பார்த்தே பழகியவனுக்கு
இங்கே எதிரில்
ஒரு மனிதனின் முதுகு மட்டும்.

ஒத்திகை முழுக்க அவன் என்னிடம் சொன்னவை
இரண்டு சொற்கள்.
ஒன்னு என்றால் இடது. ரெண்டு என்றால் வலது.
அதைப் பேச்சு என்று நானும் கணக்கில் வைக்கவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.
வாரிசு இல்லாமல் ராஜா செத்துப்போவார்.
பட்டத்து யானை மாலையோடு தெருவில் இறங்கும்.
எந்தக் கழுத்தில் போடுகிறதோ அதற்குத்தான் முடி.
மருந்துக்கடை உபேந்திரன்தான் பிச்சைக்காரன்;
மேடைக்குக் கீழே,
பூப்பந்துக் களத்தின் மஞ்சள் கோடு முடியும் மூலையில்
கழுத்தை நீட்டிக் காத்திருக்க வேண்டும்.

படி இறங்கினோம்.
"யானை! பின்னாடி பூதம்! பின்னாடி பாரு!"
பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள்.
பின்னாடி என்பதே நான்தான்.
நான் எங்கே திரும்பிப் பார்ப்பது?

அப்போது மழை.
தகரக் கூரையில் லாரி லாரியாய்ச் சல்லி கொட்டினாற்போல.
பூதத்தின் சிரிப்பு போயிற்று.
டீச்சரின் ஹார்மோனியம் போயிற்று.
ஒன்னும் ரெண்டும் போயிற்று.

வேறு வழியில்லாமல்
அவன் இடுப்புவாரைப் பிடித்தேன்.
முழங்கால் வலித்து மூச்சை இழுத்தால், ரெண்டு.
விட்டால், ஒன்னு.
அப்படியே நடந்தோம்.
ஒத்திகையில் ஒருநாளும் இவ்வளவு அழகாய் நடந்ததில்லை.
திசைதான் தப்பு.

உபேந்திரனைத் தாண்டி,
ஒய்.பி. வராத நாற்காலியைத் தாண்டி,
சுவர் வரை போய் நின்றது யானை.
தையல் விட்ட ஓட்டையில் எனக்குத் தெரிந்தது
ஒரு ஜோடி சிலிப்பர், ஒரு சாவிக்கொத்து.
பத்து மணிக்கு விளக்கணைக்க வந்து
சுவிட்சுப் பலகையோரம் நின்ற
என்சிக் ஹம்டானின் கழுத்தில்
விழுந்துவிட்டது மாலை.

கூரை கொஞ்சம் மூச்சு வாங்கிய இடைவெளியில்
புது ராஜாவின் முதல் ஆணை,
நிறுத்தி நிறுத்தி, தமிழிலேயே:
"பத்தரை வரைக்கும்... ஆடுங்க."

மண்டபம் எழுந்து நின்றது.
உபேந்திரன் மட்டும்
இன்னும் கழுத்தை நீட்டியபடி இருந்தானாம்.
டீச்சர் அவனை அங்கேயே மந்திரியாக்கினார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்றார் யாரோ, வெளியே போகும்போது.
நாலு காலில் ஒன்றும் சறுக்கவில்லை, ஐயா.
அதைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லோரும் போனபின்
யானையை மடிக்க வேண்டியிருந்தது.
காடி உறையைத் தனியாளாய் மடிக்க முடியாது.
அவன் கையில் இரண்டு முனை, என் கையில் இரண்டு.
உதறினோம். எதிரெதிரே நடந்து வந்தோம்.
விரல் பட்டது. என் முனைகளை அவனிடம் கொடுத்துவிட்டுக்
குனிந்து, தொங்கிய மடிப்பை எடுத்துப் பின்வாங்கினேன்.
மறுபடி நடந்தோம்.
யானை பாதியாயிற்று. காலாயிற்று.
கடைசியில் ஐந்து கிலோ அரிசிப் பை அளவு.

அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
குணாளன் கேட்டான்:
"பிஸ்டனா?"

"பிஸ்டனும் ரிங்கும்" என்றேன்.

ஹம்டான் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டு வந்தார்,
மாலையைக் கழற்றாமல்.