தன்னாலேயே அளத்தல்

பலாலி வீதியில் மணல் லொறி போய்முடியும்வரை
மேசை அதிரும். பொறுத்திருக்கிறேன்.
பதினொன்றுக்குப் பிறகுதான்
இந்த ஆய்வுகூடம் அசையாமல் நிற்கும்.

இவ்வளவு குறுகிய துடிப்பை
எந்தக் கடிகாரமும் பிடிக்காது.
அதையே இரண்டாய்ப் பிரித்து
ஒன்றைச் சுற்றுவழியில் அனுப்பி
மற்றதன்மேல் படியவிடவேண்டும்.
திருகாணியை ஒரு மைக்ரோன் தள்ள
ஆறரை ஃபெம்டோசெக்கன் பிந்தும்.

"ஒண்டும் தெரியேல்லையே மிஸ்"
கண்ணாடி துடைக்கும் றெஜினோல்ட்.
தெரியாதுதான், அகச்சிவப்பு.
நேற்றுக் கதிருக்குள் ஒரு நுளம்பு போய்வந்தது,
வரைபடத்தில் மட்டும் பள்ளம்.

பளிங்கினுள் இரண்டும் ஒன்றன்மேலொன்று விழ
சின்னதாய்ப் பச்சைப் புள்ளி.
பேனையை எடுக்கிறேன்
கரண்ட் போகிறது.

இருட்டில் இருவரும்
பச்சை இருந்த இடத்தையே பார்க்கிறோம்.
"எவ்வளவு மிஸ்?"
"இருநூறுக்குக் கிட்ட."
ஜெனரேட்டர் வர
நாலு நிமிடம்.