கழுவின தண்ணிக் கணக்கு

தலைவர் கேட்டது ஒரேயொரு பக்கம்.
சங்கத்தின் இரண்டு நாலுசில்லு வண்டியில்
எதை வைத்திருப்பது, எதை விற்பது,
ஞாயிறு பூசை முடிந்த கையோடு
எழுத்தில் வேணும் என்றார்.
கொப்பியின் நடுவே கோடு கீறினேன்.

இடப்பக்கம் சிவப்பு. பழசு, யப்பான்.
காபரேட்டர், செயின், காலால் உதைக்கிற ஸ்ராட்டர்.
கட்டைக்காட்டு மணலில் ஒன்பது வருசம்
படகு இழுத்திருக்கிறது.
ஒயில் குடிக்கும். ஒளித்துக் குடிக்காது,
நீலப் புகை விட்டு ஊருக்குச் சொல்லித்தான் குடிக்கும்.
பின்சில்லுப் பெயரிங் போகப்போகிறதென்றால்
ஒரு கிழமைக்கு முன்னமே அழத் தொடங்கும்;
கிளறன்ஸ் அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு
பருத்தித்துறைக்கு பஸ் ஏறுவான்.

வலப்பக்கம் பச்சை. ஏதோ திட்டத்தில் வந்தது.
ரிபன் ஒட்டின பசை கைபிடியில் இன்னும் இருக்கிறது.
பெல்ட், சென்சர், முன்னுக்கு ஒரு சின்னத் திரை.
பொத்தானை அமத்தப் பூனைபோல எழும்பும்.
பெற்றோல் பாதிதான்.
பதினொரு மாசம் அந்தப் பக்கத்தில்
செலவென்று ஒரு வரி இல்லை.
பொருளாளர் ரெஜினா அந்த வெறுமையைத் தடவிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் மாசம், வாடைக்காற்று,
விடிய நாலு மணி.
அலை வாடியடிவரை ஏறிவிட்டது.
ஆறு படகையும் மேலே இழுக்க வேணும்.
மூன்றாவது படகில் கயிறு இறுக
பச்சை நின்றது.
திரையில் ஓர் எழுத்து, நாலு இலக்கம்.
கிளறன்ஸ் ரோர்ச் அடித்து வாசித்தான்.
பிறகு எல்லாரும் முறையாக வாசித்தோம்.
பதினேழு பேர் தோள்கொடுத்துப் படகைத் தூக்கினோம்.
எண்ணினது நான்; செயலாளர் பழக்கம்.

சிவப்பு அப்போது எங்கே என்று கேட்பீர்கள்.
செயின் அறுந்து கொட்டிலில் கிடந்தது.
அதையும் எழுதத்தானே வேணும்.

மூன்று கிழமை கழித்து
கொழும்பிலிருந்து ஒரு பெடியன் வந்தான்,
மடிக்கணினியைக் கொழுவினான்,
ஒரு வயரின் நுனியைக் கழற்றி
நகத்தால் எதையோ சுரண்டினான்.
உப்பு.
"மெஷினில பிழையில்லை அன்ரி.
ஓடி முடிய ஒவ்வொரு நாளும்
நல்லதண்ணியால கழுவ வேணும்."
சுரண்டலுக்குப் பதினெண்ணாயிரம்.

நல்லதண்ணி.
ஆடி பிறந்தால் எங்கள் கிணற்றில்
தேத்தண்ணி போட்டால் பால் திரையும்.
பவுசர் செவ்வாயில் வரும், வராமலும் விடும்.
கொப்பியில் மூன்றாவது கோடு கீறி
மேலே எழுதினேன்: கழுவின தண்ணி.
பச்சைக்கு நாளுக்கு ஏழு வாளி.
ரெஜினா வீட்டில் ஆள் ஐந்து,
அவர்களுக்கு ஆறு வாளி.
எழுதின பிறகு
அந்த இரண்டு இலக்கத்தையும் கனநேரம் பார்த்தபடி இருந்தேன்.

அப்ப சிவப்பு எப்படி ஒன்பது வருசம்?
அதன் பத்தியில் தண்ணியே இல்லையே.
கிளறன்ஸைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.
"நான் குளிக்கிறதே அதில ஏறி நிண்டுதான்.
தலையில ஊத்துறது எஞ்சினுக்குப் போகும்,
காலில ஊத்துறது செயினுக்குப் போகும்.
பிறகு பழைய ஒயில் துணியால ஒரு துடை."
"பச்சையில ஏன் ஏறேல்லை?"
"ஏறி நிற்கக்கூடாதெண்டு
படம் போட்டு ஒட்டியிருக்கு."

ஞாயிறு நான் வாசித்த அறிக்கை:
இரண்டையும் விற்க வேண்டாம்.
சிவப்புக்குச் செயின் இரண்டு வாங்கி வைக்கவும்.
பச்சையில் ஒட்டியிருக்கும் படத்தை உரிக்கவும்.
குளிப்பதற்கு ஓர் ஆளை நியமிக்கவும்.
கடைசி வரியை வெட்டச் சொன்னார் தலைவர்.
பேனையில் மை இல்லை என்றேன்.

இன்றைக்குப் பின்னேரம்
யூட்தாசன் பச்சையில் ஏறி நிற்கிறான்,
அரையில் சாரம், கண்ணில் சவர்க்காரம்.
கீழே நின்று ரெஜினாவின் சின்னவள்
வாளியை எட்டிக் கொடுக்கிறாள்.
நுரை வழிகிற திரையில்
ஏதோ ஓர் இலக்கம் மின்னுகிறது.
ஒருவரும் வாசிக்கவில்லை.