கோல் வித்தியாசம்

உடற்கல்வி ஆசிரியைக்கு மகப்பேறு விடுப்பு.
பெண்கள் அணியோடு பெண் ஊழியர் ஒருவர்
போயே ஆக வேண்டும் என்பது விதி.
கட்டணக் கவுன்ட்டரில் சும்மா இருப்பவள் நான் என்று
முதல்வருக்கு யார் சொன்னார்களோ.
ஹாக்கியில் எத்தனை பேர் என்று
வேனில் ஏறிய பிறகுதான் கேட்டேன்.

ஈரோட்டில் ஐந்து வாங்கினோம்.
திருப்பூரில் ஒன்று போட்டு இரண்டு வாங்கினோம்.
ஊட்டிக்குத் திரும்பும் வழியெல்லாம்
ஜஸீலா கால்காப்புகளை மடியில் கிடத்தி
அவற்றின் வார்களை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.
மற்றவர்கள் இரண்டு ஆட்டம் தோற்றிருந்தார்கள்.
அவளைத் தாண்டிப் போனவை ஏழு.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்றும் வரவும்.
பழைய செலான் ஒன்றின் முதுகில் கோடு போட்டேன்:
எட்டுக் கல்லூரி, ஏழு ஆட்டம்,
முதல் நால்வருக்கு அரையிறுதி.
எங்கள் வரிசையில் மைனஸ் ஆறு.
நிலுவைக்கு நான் பயப்படுகிறவள் இல்லை.

ஜனவரி. காலை ஆறரை.
திடல் மேல் உறைபனி, நடந்தால் நொறுங்குகிறது.
தொட்டுவிட்ட பந்து நிற்பதில்லை,
கந்துவட்டி மாதிரி ஓடுகிறது.
டான்டீ லைனிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் யோகராணி
மரத்துப்போன விரல்களை அக்குளில் சொருகிக்கொண்டு
மட்டையைக் கழுத்தில் இடுக்கி ஓடுகிறாள்.
கேப்டன் மிதுளா படுக மொழியில் திட்டுகிறாள்.
யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

பல்லடத்தை ஜெயித்தோம். கரூரோடு சமன்.
கோவையில் செயற்கைப் புல்;
ஆட்டத்துக்கு முன் குழாய் வைத்து நனைக்கிறார்கள்.
"பிளாஸ்டிக்குக்கு எதுக்குங்க தண்ணி?" டிரைவர் எட்வின் கேட்க
யோகராணி குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.
"அக்கா, நம்ம பனிதான் இது.
சுடுற பனி."
அன்று மூன்று போட்டாள்.
அடுத்த வாரம் ஒன்று. அதுவே போதுமாக இருந்தது.

கடைசி ஆட்டம், மறுபடி கோவை.
இரண்டுக்கு இரண்டு.
பதினோரு புள்ளி. பொள்ளாச்சிக்கும் பதினொன்று.
அவர்கள் ஈரோட்டில் விளக்கு வெளிச்சத்தில்
இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
செலானை நாலாக மடித்துக் கணக்குப் போட்டேன்:
இரண்டு கோலில் அவர்கள் தோற்றால் வித்தியாசம் சமம்,
போட்ட கோலில் நாங்கள் பத்து, அவர்கள் பதினொன்று.
மூன்றில் தோற்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் ஒன்று விழுந்தது.
கல்லாறில் இரண்டாவது.
முதல் கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்விட்டது.

பதினாலு வளைவு.
வேனுக்குள் எல்லோரும் அவரவர் சாமியிடம்.
மிதுளா ஹெத்தையம்மனுக்கு என்ன நேர்ந்துகொண்டாள் என்று
சொல்ல மாட்டேன் என்றாள்.
இருக்கும் பாட்டையெல்லாம் எட்வின் அணைத்துவிட்டார்.
ஜஸீலா மட்டும் ஜன்னலைத் திறந்து
பர்லியார்க் குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள்.
"நீ கேக்கலயா?" என்றேன்.
"கோல் காக்குற பொண்ணு ஒருத்தி அங்க நிக்கிறாக்கா.
அவ விடணும்னு
நான் எப்படிக் கேக்குறது?"

காட்டேரி தாண்டியதும்
பதினாறு போன்களும் ஒரே நேரத்தில் துடித்தன.
மூன்று. கடைசி நிமிடத்தில், பெனால்டி கார்னரில்.
எட்வின் வண்டியை ஓரங்கட்டி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.
பின்னால் வந்த லாரிக்காரன்
யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக் கை காட்டிப் போனான்.
நானும் கத்தினேன், கவுன்ட்டரில்
யாரும் கேட்டிராத குரலில்.

குன்னூர் வந்தபோது ஜஸீலா கேட்டாள்,
பொள்ளாச்சி கோல்கீப்பர் பேர் என்ன?
யாருக்கும் தெரியவில்லை.

வியாழன் அரையிறுதி.
மறுநாள் அலுவலகத்தில் அணிப் பட்டியல் வந்தது, தேடினேன்.
ந. தமயந்தி, இரண்டாம் ஆண்டு, வேதியியல்.
செலானில் அதற்கென்று கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்,
காலைப் பயிற்சிக்கு வரும்போது அவளிடம் காட்ட.