இருபது நிமிடம்

இரவு மூன்று பத்து. குரோம்பேட்டை ஆஸ்பத்திரி.
பெயிண்ட் டப்பாவை மேசையில் வைத்தாள் பூங்காவனம்.
மூடிமேல் ஒரு செங்கல்,
செத்ததையும் நம்பாமல்.

கடிபட்டவன் வேடியப்பன்.
வலது கட்டைவிரலுக்குச் சற்று மேலே
இரண்டு புள்ளி, ஒன்று மங்கல்.

மலைப்பாம்புக் குட்டி என்றாராம் மேஸ்திரி.
தண்ணிப்பாம்பு, பத்து போடு என்றாராம் வாட்ச்மேன்.
கூட வந்த மைத்துனப் பையன்
போனில் ஒரு வீடியோவை நீட்டினான்:
ஏதோ பாலைவனம்,
வால்நுனிக் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி
ஆளை விரட்டும் அமெரிக்கப் பாம்பு.
"இதுவா மேடம்? சத்தம் வந்துச்சாம்."

டப்பாவைத் திறந்தேன்.
தலை கூழ். அம்புக்குறி
அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.
உடல் ஒரு முழம் வராது.
செம்மண் நிறம், விலாவில் வெளிறிய அலைக்கோடு,
கையுறை விரலிலும் அரம்போல் உராய்ந்தது.

"என்ன சத்தம்மா?"
"டைல்ஸ் அறுக்கிற சத்தம்.
பக்கத்து பிளாக்ல நைட் வேலைன்னு நெனச்சு
திரும்பிப் படுத்துட்டோம்."

வாலில் ஒன்றும் இல்லாத பாம்பு அது.
சுருண்டு, தன் தோலைத் தன் தோலிலேயே தேய்த்து
போ போ என்கிறது.
இவர்கள் காதுக்கு அது
ஓவர்டைம்.

சுருட்டை விரியன் என்று எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை.
டப்பாவில் வந்தது ஒன்று, கடித்தது வேறொன்று என்று
ஒரு ராத்திரி எனக்கு உண்டு.

ரத்தம் எடுத்தேன். கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி.
அசைக்கக் கூடாது. இருபது நிமிடம்.

அதற்குள் படிவம்.
பாம்பைக் கண்ட இடம்: திரிசூலம், பழைய கல்குவாரி ஓரம்,
ஜல்லிக் குவியலை ஒட்டித் தகர ஷெட்.
நோயாளி முகவரி?
"அதான் சொன்னேனே மேடம்" என்றாள்.

கூரையைத் தடவுவதுபோல் ஒரு விமானம் இறங்கியது.
ஜன்னல் கண்ணாடி அதிர,
குழாய் நிற்கும் ஸ்டாண்டை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாற்பத்தொன்று.
சாய்த்தேன்.
உறைந்திருந்தால் தங்கியிருக்கும்.
சுவரோடு வழுக்கி, தண்ணீராய்
மறுமுனைக்கு ஓடியது.

சிஸ்டர் பத்துக் குப்பிகளை எடுத்து
உள்ளங்கையில் உருட்டிக் கரைத்தாள்.
குலுக்கினால் நுரைத்துவிடும்.
வேடியப்பன் ஈறோரம் சிவப்பதை
அவன் மனைவிக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன்.

அவள் டப்பாவை மூடினாள்.
செங்கல்லைத் திரும்ப வைத்தாள்.
பையனிடமிருந்து போனை வாங்கி
ஷெட்டில் தூங்கும் நாலு பேரில் யாரையோ எழுப்பினாள்:

"லைட்டப் போடு. கீழ கால வைக்காத.
மூச்சு விடாமக் கேளு...
டைல்ஸ் அறுக்கிறாங்களா?"