ஆழம் பார்த்தல்

மாஹேபூர் மீனவர்கள் கேட்டது
ஒரு ஐஸ் ஆலை.
வந்தது வெள்ளைக் கப்பல்,
எங்கள் கடலை இலவசமாய் அளந்து தர.

மூன்று வாரம் நான்தான் படகோட்டி.
கப்பித்தேன் மீன் எங்கே படும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பன்னிரண்டு மீட்டர் எங்கே தொடங்கும்,
அடியில் சேறா பாறையா,
புயல் மாதத்திலும் நுழைய முடியுமா.

"நட்பு" என்றார் தூதர், நாடா வெட்டி.
அமைச்சர் வியர்வையைத் துடைத்தபடி சிரித்தார்.
அடுத்த மாதம்
இன்னொரு நாட்டுக் கப்பலும் வருகிறதாம்,
அளக்க.

கடைசி நாள் அதிகாரி என் பெயர் கேட்டான்.
சாமிநாதென் கூர்ப்பென், என்றேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

பவளத்திட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய்,
வலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தது.
நான் காட்டவில்லை.
இன்று விடியலில் போனேன்,
படகு தாழத் தாழ மீன்.

பத்து மணிக்குள் விற்றாக வேண்டும்.
வெயில் ஏறுகிறது.