லோடோஸ் இரவு

நமக்குச் சோபா என்றால் சாய்ந்து உட்கார.
பூர்சாவில் அது அடுப்பு:
கூடத்து மூலையில் ஓர் இரும்பு வயிறு,
கூரைவரை தகரக் கழுத்து.
நூர்ஹயாத்தின் வீட்டில் அது
கூடத்தை மட்டும் காய்ச்சும்.
குழந்தை இல்காஸின் அறைக்கு
அதன் சூடு வாசல்வரை வந்து திரும்பிவிடும்,
செருப்பைக் கழற்ற மனமில்லாத விருந்தாளி போல.

ஆகவே நவம்பர் சம்பளத்தன்று
ஹிக்மெத்தின் கடை.
"இது சிலிண்டர் வைத்தது, அக்கா.
ஐந்தே நிமிடம், அறைக்குள் கோடை."
"மூடிய அறையில் குழந்தை தூங்கும்" என்றாள்.
"சரி, இது? கம்பி சிவக்கும், விலையும் மலிவு."
அவள் அதைத் தரையில் இறக்கி
ஒரு விரலால் தள்ளிக் கவிழ்த்தாள்.
கம்பி சிவந்தபடியே கிடந்தது,
ஹிக்மெத்தின் முகமும்.

கடைசியில் எண்ணெய் நிரப்பியது ஒன்று.
பதினோரு விலா எலும்பு, ஆறு தவணை.
கவிழ்த்ததும் தானே அணைந்தது.
ஆணியில் தொங்கிய வெள்ளை டப்பியையும் கேட்டாள்,
காற்றில் விஷம் ஏறினால் கத்துமாம்.
தவணை எட்டாயிற்று.

வீட்டில், நேரே சுவர்ச் சாக்கெட்டில் சொருகினாள்.
அக்காள் வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரைப் பார்த்திருக்கிறாள்,
கம்பளத்துக்கு அடியில் பழுப்பேறி
கருகின மீன்போல் நாறியதை.
தையல் ஆலையின் நாடாவை எடுத்து
திரைச்சீலைக்கு ஒரு மீட்டர்,
தொட்டிலுக்கு ஒரு மீட்டர் அளந்தாள்.
"அதற்கும் சட்டை தைக்கிறாயா?" என்று சிரித்தான் ரிஃப்கி.
மறுநாளே அவன் காலுறைகள்
அதன் முதுகில் காய்ந்துகொண்டிருந்தன.
அன்று அந்த வீட்டில் பேசிக்கொண்டதை
நான் எழுதப்போவதில்லை.

ஜனவரி நடுவில் ஒரு மதியம்
பனி இளகிச் சாக்கடையில் ஓடியது.
தெற்கிலிருந்து காற்று.
தென்றல் என்று எழுதத்தான் கை போகிறது,
நம் கவிகள் சந்தனம் பூசி அனுப்பிய அதே திசை.
இங்கே அதன் பெயர் லோடோஸ்.
புகைபோக்கியின் வாயில் உள்ளங்கை வைத்து அழுத்தும்.
மேலே போகவேண்டியது கீழே இறங்கும்.
அதற்கு மணமில்லை, நிறமில்லை.
தலை கொஞ்சம் கனக்கும்,
தூங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும்.

நகராட்சியிலிருந்து செல்பேசிக்குச் செய்தி:
இன்றிரவு அடுப்பு மூட்டாதீர்கள்.
ஐந்து மணிக்குமேல் அவள் நிலக்கரி போடவில்லை.
சாம்பலை மூடிபோட்ட தகர வாளியில் அள்ளி
வெளியே வைத்தாள்.
மூவரும் ஒரே அறையில், விலா எலும்புகளைச் சுற்றி.
"கரண்ட் பில் வரட்டும், அப்போது தெரியும்"
என்றபடியே ரிஃப்கி குறட்டைக்குள் போனான்.

இரண்டு நாற்பதுக்கு டப்பி கத்தியது.

ஜன்னல்களைத் திறந்தாள். குழந்தையைத் தூக்கி
ரிஃப்கி தெருவுக்கு ஓடினான்.
கூடத்து அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்: ஜில்.
பிறகு யாருடையது இது?

கீழ்வீட்டு எக்ரெம்.
ரொட்டி அடுமனையில் வேலை, எட்டுக்கே படுப்பவன்,
செய்தியெல்லாம் படிக்கமாட்டான்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி.

கையால் தட்டினாள்.
பிறகு நிலக்கரிக் கரண்டியால்.
பிறகு கதவு நொறுங்கினாலும் சரியென்று.
திறந்தபோது அவன் சட்டையெல்லாம் வாந்தி.
"மன்னிக்கணும், மீன் ஒத்துக்கொள்ளவில்லை போல"
என்று சொல்லி அவள் தோளிலேயே சாய்ந்தான்.

நூற்றுப் பன்னிரண்டுக்கு அழைத்துவிட்டு
தெருவில் காத்திருந்தார்கள்.
காற்று வெதுவெதுவென்று கன்னத்தைத் தடவியது.
போர்வை கூடத் தேவைப்படவில்லை.
தெரியாத யாரும் அந்த வழியே போயிருந்தால்
என்ன அருமையான ராத்திரி என்றிருப்பார்கள்.

ஆம்புலன்ஸில் ஏறமாட்டேன் என்றான் எக்ரெம்,
நாலு மணிக்கு மாவு பிசைய வேண்டுமாம்.
பிடித்து ஏற்றி முகமூடியைப் பொருத்தினார்கள்.

அப்போதுதான் நூர்ஹயாத் குனிந்து பார்த்தாள்,
ஈரக் கல்லின்மேல் ரிஃப்கியின் வெறும் பாதங்கள்.
"காலுறை எங்கே?"
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மெல்ல நிமிர்ந்து
மாடியில் விளக்கு எரியும் ஜன்னலைப் பார்த்தான்.