பன்னிரண்டாவது வரி

கில்மர் ஃபால்ஸில் அருவி கிடையாது.
பேர் வைத்தவர் பார்த்தாராம்,
அந்த ஆண்டு மழை அதிகமாம்.

நகர மன்றக் கூடத்தில் ஒரு பித்தளைப் பலகை:
'இவ்வூரின் குறிப்பிடத்தக்க மனிதர்கள்.'
பன்னிரண்டு வரிக்கு இடம் விட்டு வார்த்தது.
பதினொன்று நிரம்பிவிட்டது.
தண்ணீர்க் கட்டண ஜன்னலுக்குப் பின்னால்
ஏழு வருஷமாக அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

முதல் வரி, செனட்டர் எல்டன் வார்ட்லோ.
பனிப்புயலில் ரயில் நின்றுபோனதால் இங்கே பிறந்தவர்.
மறுநாள் ரயில் கிளம்பியது,
அவரும் கிளம்பினார்.
கையசைத்திருக்க வாய்ப்பில்லை.

நான்காவது, பேஸ்பால் விஸ்னெக்.
பெரிய அணிக்காக ஒரே ஒரு மாலை, மொத்தம் பதினொரு பந்து.
அவர் மருமகள் பில் கட்ட வந்தால்
பதினொன்றையும் எனக்கு வீசிக் காட்டாமல் போகமாட்டாள்.
பின்னால் வரிசை நிற்கும்.

லொரீனா ப்ரூயிட்டை எனக்குப் பிடிக்கும்.
ஜாடி மூடிக்குக் காப்புரிமை வாங்கி
நாற்பது டாலருக்கு விற்றுவிட்ட அம்மாள்.
மாவடு ஜாடியைத் திறக்கும்போதெல்லாம்
நூற்று இருபது வருஷம் தாண்டி ஒரு நன்றி போகிறது.

ஒன்பதாவது, ஒரு வங்கிக் கொள்ளைக்காரன்.
சேர்க்கலாமா கூடாதா என்று மூன்று கூட்டம் நடந்ததாம்.
அடித்தது பக்கத்து ஊர் வங்கி என்று தெரிந்ததும்
ஏகமனதாக நிறைவேறியது.

போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது வரிக்குக் கூட்டம்.
டிவியில் வானிலை சொல்பவர் ஒருவர்.
சினிமாவில் கதாநாயகனின் கைகளாக மட்டும் வந்த ஒருவர்.
"நீயும் ஒரு பேர் சொல்லேன், டீ" என்றார்கள்.
தெய்வானையை அப்படிச் சுருக்கிவிட்டார்கள்.

எனக்கு இந்த ஊரை மீட்டர் வழியாகத்தான் தெரியும்.
புது மீட்டர் மணிக்கணக்குக் காட்டும்.
ஹோபர்ட் தெருவில் தினமும் விடிகாலை மூன்றுக்கு
நாற்பது கேலன் ஓடுகிறது:
இர்மா டீஸ்டேல், படுக்கையில் கிடக்கும் கணவரின் விரிப்புகளை
அலசிக்கொண்டிருக்கிறாள்.
டெல்மர் குவிக் ஒரு நாளைக்கு மூன்று கேலனில்
குருவி மாதிரி வாழ்கிறார்.
ஒரு மார்ச் மாதம் இரண்டு நாள் அது பூஜ்யம் ஆனபோது
போலீஸைக் கூப்பிட்டேன்.
குளியலறையில் விழுந்து கிடந்தார், உயிரோடு.
என்னை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் நான் சொன்னது ரூபென் அல்டாக்கோ.

அந்த ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
நான்காம் தெருவில் பெருங்குழாய் வெடித்த இரவு
குழிக்குள் மல்லாந்து கிடந்து
ஐஸ் தண்ணீர் காதுக்குள் போகப் போக
ஐந்து மணி நேரம் வால்வோடு மல்லுக்கட்டினார்.
ஆஸ்பத்திரியில் ஒரு குழாய்கூட வற்றவில்லை.
வற்றாததால்
யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்சம் மௌனம். காபி உறிஞ்சும் சத்தம்.
"நல்ல மனிதர்தான். ஆனால் இங்கே பிறந்தவரா?"
"முப்பத்தொரு வருஷமாக இருக்கிறார்."
"அதைக் கேட்கவில்லை."
நான் செனட்டரின் ரயிலை நினைத்தேன்.
சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
எனக்கும் ஒன்பது வருஷம்தான் ஆகிறது இங்கே.

எங்கள் பேச்சில் அநாமதேயத்தை
ஊர் பேர் தெரியாத ஆள் என்போம்.
ரூபெனுக்குப் பேர் உண்டு,
சட்டைப் பையின் மேல் சிவப்பு நூலில் தைத்தே இருக்கிறது.
ஊர்தான் தரமாட்டேன் என்கிறார்கள்.

தீர்மானம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை ரூபென் ஜன்னலுக்கு வந்தார்,
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே.
அந்த இரவுக்குப் பிறகு இடது காது மந்தம்,
அதனால் வலப்பக்கம் திரும்பி நின்றார்.
கூட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை.
பில் மூன்று நாள் தாமதம்.
அபராதம் நாலு டாலர்.
"எனக்குமா?" என்று சிரித்தார்.
விதி விதிதான்.
வாங்கிக்கொண்டு
ரசீதில் அவர் பெயரை
ஓர் எழுத்துக்கூடச் சுருக்காமல் எழுதினேன்.